வின்ஸ் டேட்டாபேஸ் கரப்ட், சர்வீஸ் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது: ரிப்பேர் பண்றதா, புதுசா கட்டுறதா?

மில்_நெட்வொர்க் எழுதியது:

வணக்கம். ஒரு ஸ்பின்னிங் மில்லுல சிஸ்டம்ஸ் பாத்துக்கறேன். ரெண்டு வின்ஸ் சர்வர் (மெஷின் பேரைக் கேட்டா அதோட ஐபி சொல்ற சர்வீஸ் ஓடுறது) இருக்கு, ஒண்ணு மில்லுல, இன்னொண்ணு டவுன் ஆபீஸ்ல, ரெண்டுமே விண்டோஸ் சர்வர் 2003, ரெண்டும் புஷ்-புல் பார்ட்னர், அதாவது ஒண்ணுல பதிஞ்சது இன்னொண்ணுக்கும் போகும். இந்தக் காலத்துல ஏன் வின்ஸ்னு கேப்பீங்க, வேபிரிட்ஜ் பிசி விண்டோஸ் 98, லேப்ல இருக்கிற டெஸ்டிங் மெஷினோட பிசி அதைவிடப் பழசு, ரெண்டுமே ஷேர் ஃபோல்டரை சர்வர் பேரை வச்சுத்தான் திறக்குது, அந்த சாஃப்ட்வேரை எழுதினவங்க இப்ப யாரும் இல்ல, அதனால மாத்தவும் முடியல.

நேத்து ராத்திரி கரண்ட் போயிடுச்சு, யூபிஎஸ் பேட்டரி தாங்கல, மில் சர்வர் அப்படியே ஆஃப் ஆயிடுச்சு. காலைல ஆன் பண்ணா விண்டோஸ் நல்லா வந்துடுச்சு, வின்ஸ் மட்டும் ஸ்டார்ட் ஆகல. ஈவென்ட் வியூவர்ல அப்ளிகேஷன் லாக்ல ஈஎஸ்இஎன்டி (வின்ஸ் பயன்படுத்துற டேட்டாபேஸ் எஞ்சின்) 454, டேட்டாபேஸ் ரெக்கவரி ஃபெயில், எரர் -501. பஞ்சு லோடு ஏத்திட்டு வந்த லாரி எல்லாம் கேட்ல நிக்குது, வேபிரிட்ஜ்ல எடை போட்டா சர்வர் கிடைக்கலன்னு வருது, இப்போதைக்கு கைல சீட்டு எழுதிக் குடுத்துட்டிருக்காங்க.

வின்ஸ் கன்சோல்ல பேக்கப் பாத் காலியா இருக்கு, இந்த சர்வரை செட் பண்ணினப்பவே அதை யாரும் போடல. தெரிஞ்சவர் ஒருத்தர் ஈஎஸ்இன்ட்யூட்டில் /பி (டேட்டாபேஸ் ரிப்பேர் கமாண்ட்) ஓட்டு சரியாயிடும்னு சொல்றார். இன்னொருத்தர் ஜெட்பேக் ஓட்டச் சொல்றார். ஸ்டாட்டிக் மேப்பிங் (கையால போட்ட பேர்-ஐபி பதிவு) கொஞ்சம் இருக்கு, அது போயிடுமோன்னு பயமா இருக்கு. எதை முதல்ல பண்ணணும்?


ஈஎஸ்இ_பழக்கம் எழுதியது:

ரெண்டுமே வேணாம் சார், முதல்ல கையை எடுங்க. வின்ஸ் சர்வீஸ் ஸ்டாப்ல இருக்கான்னு பாத்துட்டு, சிஸ்டம்32-க்குள்ள இருக்கிற வின்ஸ் ஃபோல்டரை முழுசா வேற டிரைவுக்கு காப்பி பண்ணுங்க. டேட்டாபேஸ் ஃபைலான வின்ஸ்.எம்டிபி மட்டும் எடுத்தா போதாது, ஜெ50.லாக், ஜெ50-ல ஆரம்பிக்கிற மத்த நம்பர் போட்ட லாக், ஜெ50.சிஹெச்கே எல்லாமே வேணும். இந்த டேட்டாபேஸ் எஞ்சின் எதையும் முதல்ல லாக்ல எழுதிட்டு அப்புறம்தான் எம்டிபி-க்குள்ள சேர்க்கும், அதனால கரண்ட் போன நேரத்துல பாதி விஷயம் லாக்ல மட்டும்தான் இருக்கும். லாக் ஃபைலை டெலீட் பண்ணிட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாருன்னு நிறைய பேர் சொல்லுவாங்க, அது டேட்டாபேஸ் சுத்தமா மூடியிருந்தா மட்டும்தான் வேலை செய்யும், இல்லன்னா -501 (லாக் கரப்ட்) போயி -550 (டேட்டாபேஸ் சுத்தமா மூடல) வந்து நிக்கும்.

ஜெட்பேக் ரிப்பேர் டூலே கிடையாது. அது டேட்டாபேஸை சுருக்குறதுக்கு. பழைய ஃபைலை படிச்சு டெம்ப் ஃபைல்ல புதுசா எழுதி, பழசை அழிச்சுட்டு டெம்ப்புக்கு பழைய பேரை வைக்கும். நல்லா இருக்கிற டேட்டாபேஸ்ல மட்டும்தான் ஓட்டணும், அதுவும் நெட் ஸ்டாப் வின்ஸ் குடுத்துட்டுத்தான்.

காப்பி எடுத்தாச்சுன்னா அந்தக் காப்பில ஈஎஸ்இன்ட்யூட்டில் /எம்ஹெச் வின்ஸ்.எம்டிபி-ன்னு ஓட்டுங்க. இது படிக்க மட்டும்தான் செய்யும், எதையும் மாத்தாது. வர்ற லிஸ்ட்ல ஸ்டேட்-ங்கிற வரியில டர்ட்டி ஷட்டவுன்னு இருக்கா கிளீன் ஷட்டவுன்னு இருக்கான்னு பாருங்க. டர்ட்டின்னா அதுக்குக் கீழயே லாக் ரெக்வயர்ட்னு ஒரு நம்பரோ ரெண்டு நம்பரோ இருக்கும், மீள்றதுக்கு அந்த நம்பர் லாக் கண்டிப்பா தேவைன்னு அர்த்தம். அப்புறம் /எம்எல் ஜெ50 குடுத்து லாக்ல எது கெட்டுப்போச்சுன்னு பாருங்க. இது ரெண்டையும் இங்க போடுங்க, மேல பேசலாம்.

உங்ககிட்ட பார்ட்னர் இருக்கு, அதுதான் பெரிய பலம். வின்ஸ்ல இருக்கிற பேர் எல்லாம் கிளையன்ட் தானா வந்து பதிஞ்சது, திரும்பவும் வந்து பதியும். போனா திரும்பி வராதது ஸ்டாட்டிக் மட்டும்தான், அதுவும் ரெப்ளிகேட் ஆகியிருந்தா ஆபீஸ் சர்வர்ல இருக்கும். போய் பாருங்க, ஆக்டிவ் ரிஜிஸ்ட்ரேஷன்ஸ்ல ஸ்டாட்டிக்னு ஒரு காலம் இருக்கும், அதுல குறி இருக்கிறதை எல்லாம் எக்ஸ்போர்ட் லிஸ்ட் குடுத்து டெக்ஸ்ட் ஃபைலா எடுத்து வச்சுக்கோங்க.


வேகமா_முடி எழுதியது:

ப்ரோ நான் /பி ஓட்டித்தான் ஒரு டிஹெச்சிபி (பிசிக்கு தானா ஐபி குடுக்கிற சர்வீஸ்) டேட்டாபேஸை எழுப்பியிருக்கேன், கொஞ்ச நேரத்துல முடிஞ்சுது. லாரி நிக்குதுன்னு சொல்றீங்க, இப்ப போய் ஹெடர் படிச்சுட்டு உக்காந்திருக்க முடியுமா? காப்பி எடுத்துட்டு /பி ஓட்டுங்க, எழுந்துட்டா சந்தோஷம், எழலன்னா புதுசா கட்டிக்கலாம்.


ஈஎஸ்இ_பழக்கம் எழுதியது:

இதுல நான் ஒத்துக்க மாட்டேன். /பி என்ன செய்யும்னா, லாக்கைப் பாக்கவே பாக்காது, எம்டிபி-ல படிக்க முடியாத பேஜ் எல்லாத்தையும் தூக்கி எறிஞ்சுட்டு மிச்சத்தை வச்சு ஒட்டி நிறுத்தும். எந்த ரெக்கார்டு போச்சுன்னு உங்களுக்கு சொல்லாது. டிஹெச்சிபி-ல லீஸ் ஒண்ணு ரெண்டு போனா அடுத்த ரின்யூவல்ல வந்துடும், சரி. வின்ஸ் ஒத்தைல நிக்கிற சர்வரா இருந்தாலும் பரவால்ல. ரெப்ளிகேஷன்ல இருக்கிற வின்ஸ்ல பாதி ரெக்கார்டு காணாம போன டேட்டாபேஸ் சர்வீஸ் எழுந்து வேலை செய்யுற மாதிரி இருக்கும், அதுதான் ஆபத்து, ஏன்னா அதுக்கப்புறம் ஒவ்வொரு பேரா ஒவ்வொரு நாளா கிடைக்காம போகும், யாருக்கும் காரணம் புரியாது. கரெக்டான காப்பி பக்கத்து சர்வர்ல இருக்கும்போது ஓட்டை விழுந்ததை ஏன் ஒட்டணும்? பார்ட்னரும் இல்ல, பேக்கப்பும் இல்ல, ஸ்டாட்டிக் என்னென்னன்னு எழுதியும் வைக்கல, அந்த நிலைமைல மட்டும் /பி ஓட்டுங்க, ஓட்டினதும் /டி குடுத்து டீஃப்ராக், /ஜி குடுத்து இன்டெக்ரிட்டி, அப்புறம்தான் சர்வீஸ்.

இன்னொண்ணு, /ஆர் (லாக்கை வச்சு ரெக்கவரி) ஓட்டிப் பாக்கணும்னு யாராவது நினைச்சா: லாக் ஃபைலுக்குள்ள டேட்டாபேஸோட முழு பாதையும் எழுதியிருக்கும். காப்பி ஃபோல்டர்ல நின்னு சும்மா /ஆர் ஜெ50 குடுத்தா அது காப்பியை விட்டுட்டு ஒரிஜினல் ஃபோல்டர்ல இருக்கிற எம்டிபி-யைப் போய் தொடும். கூடவே /டி போட்டு (இங்க இது டீஃப்ராக் இல்ல) டேட்டாபேஸ் எங்க இருக்குன்னு சொல்லணும். பொதுவா வின்ஸ் சர்வீஸ் ஸ்டார்ட் ஆகும்போதே இந்த ரெக்கவரியை தானா செய்யும், அது -501-ல நின்னுடுச்சுன்னா /ஆர்-ம் அங்கேயேதான் நிக்கும். ஒரே ஒரு விதிவிலக்கு, கெட்டுப்போனது செக்பாயின்ட் ஃபைல் (லாக்ல எதுவரைக்கும் எம்டிபி-ல சேந்துச்சுன்னு குறிக்கிறது) மட்டும்னா ஜெ50.சிஹெச்கே-வை மட்டும் தள்ளி வச்சுட்டு ஸ்டார்ட் பண்ணினா இருக்கிற லாக்கை முதல்ல இருந்து படிச்சு எழுந்துடும்.


மில்_நெட்வொர்க் எழுதியது:

காப்பி எடுத்துட்டேன். /எம்ஹெச்-ல டர்ட்டி ஷட்டவுன்தான், லாக் ரெக்வயர்ட்ல ரெண்டு நம்பர் வருது. /எம்எல்-ல ஜெ50.லாக்தான் கரப்ட்னு சொல்லுது, அதாவது கடைசியா எழுதிட்டிருந்தது. சிஹெச்கே தள்ளி வச்சும் பாத்துட்டேன், அதே -501. ஆபீஸ் சர்வர்ல ஸ்டாட்டிக் எல்லாம் இருக்கு, எக்ஸ்போர்ட் பண்ணி வச்சிருக்கேன்.

அப்ப புதுசா கட்டுறதுன்னு முடிவு பண்ணிக்கலாமா? எந்த வரிசைல பண்ணணும்? அதுவரைக்கும் அந்த வேபிரிட்ஜை எப்படி ஓட்டுறது, மேனேஜர் அரை மணிக்கு ஒரு தடவை கேக்கறார்.


எல்எம்ஹோஸ்ட்ஸ் எழுதியது:

வேபிரிட்ஜுக்கு நான் சொல்றேன். அந்த 98 மெஷின்ல டிசிபி/ஐபி ப்ராப்பர்டீஸ்ல வின்ஸ் டேப் திறந்து பாருங்க, அனேகமா மில் சர்வர் ஐபி ஒண்ணு மட்டும்தான் இருக்கும். மத்த பிசி எல்லாம் டிஹெச்சிபி-ல ரெண்டு வின்ஸும் வாங்கியிருக்கும், அதனால மில் வின்ஸ் படுத்ததும் அது எல்லாம் ஆபீஸ் சர்வர்ல போய் பதிஞ்சு வேலை பாத்துட்டிருக்கும், கையால ஐபி போட்டது மட்டும்தான் அந்தரத்துல நிக்கும். ஆபீஸ் சர்வர் ஐபி-யை செகண்டரியா சேத்து ரீபூட் பண்ணுங்க, 98-ல என்பிடிஸ்டாட் கமாண்ட்ல பெரிய எழுத்து ஆர்ஆர் (பேரைத் திரும்ப வின்ஸ்ல பதிய வைக்கிறது) வேலை செய்யாது, ரீபூட் ஒண்ணுதான் வழி.

ஆபீஸ் லைன் மெதுவா இருந்தா எல்எம்ஹோஸ்ட்ஸ் ஃபைல் (எந்தப் பேருக்கு எந்த ஐபின்னு அந்த பிசிலயே எழுதி வைக்கிறது) போடுங்க. விண்டோஸ் ஃபோல்டர்ல எல்எம்ஹோஸ்ட்ஸ்.எஸ்ஏஎம்-னு ஒரு மாதிரி ஃபைல் இருக்கும், அதைத் தொடாம புதுசா ஒண்ணு எழுதுங்க: ஐபி, ஒரு இடைவெளி, சர்வர் பேரு, இன்னொரு இடைவெளி, ஹாஷ் போட்டு பெரிய எழுத்துல பிஆர்இ. சேவ் பண்ணும்போது கவனம், நோட்பேட் தானா டிஎக்ஸ்டி எக்ஸ்டென்ஷன் ஒட்டிவிடும், எக்ஸ்டென்ஷனே இருக்கக் கூடாது. அப்புறம் அந்த ஃபைலைத் திரும்பப் படிக்க என்பிடிஸ்டாட் பெரிய ஆர் ஒரு தடவை, உடனே என்பிடிஸ்டாட் சின்ன சி குடுத்தா கேஷ்ல அந்த பேரு உக்காந்திருக்கும். லாரியை விட்டுட்டு அப்புறம் நிதானமா சர்வரைப் பாருங்க.


ஈஎஸ்இ_பழக்கம் எழுதியது:

மேல சொன்னது அருமை, முதல்ல அதைப் பண்ணுங்க, அவசரம் போயிடும்.

இப்ப சர்வர். புதுசா கட்டுறதுல எல்லாரும் வழுக்கி விழற இடம் ஒண்ணுதான், வெர்ஷன் ஐடி. வின்ஸ்ல ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் ஓனர் யாருன்னும் ஒரு ஏறுவரிசை நம்பரும் இருக்கும். ஆபீஸ் சர்வர், மில் சர்வர்கிட்ட வந்து "இந்த நம்பர் வரைக்கும் என்கிட்ட இருக்கு, அதுக்கு மேல இருந்தா குடு"ன்னு கேக்கும். ரெப்ளிகேஷன்னா அவ்வளவுதான். இப்ப நீங்க காலி டேட்டாபேஸ்ல ஆரம்பிச்சா மில் சர்வரோட நம்பர் அடியில இருந்து தொடங்கும், ஆபீஸ்கிட்ட 4700 வரைக்கும் இருக்குன்னு வச்சுக்கோங்க, மில்லுல இன்னிக்கு பதியுற 1, 2, 3 எல்லாம் பழசுன்னு நினைச்சு ஆபீஸ் எடுக்கவே எடுக்காது. ரெண்டு பக்கமும் எரர் வராது, பச்சையா காட்டும், ஆனா ஆபீஸ்ல மில் மெஷினோட பழைய ஐபியே நாள் கணக்கா இருக்கும்.

அதனால ஆபீஸ் சர்வர்ல நெட்ஷ் வின்ஸ் சர்வர் ஷோ வெர்ஷன்மேப் குடுங்க, மில் சர்வர் ஐபி-க்கு எதிர்ல இருக்கிற பெரிய நம்பரை எழுதிக்கோங்க, அது ஹெக்ஸாடெசிமல்ங்கிறதை மறந்துடாதீங்க. அப்புறம் மில் சர்வர்ல வின்ஸ் ஃபோல்டருக்குள்ள இருக்கிற ஃபைல் எல்லாத்தையும் வேற இடத்துக்கு மூவ் பண்ணுங்க, ஃபோல்டர் இருக்கணும், உள்ள காலியா இருக்கணும். நெட் ஸ்டார்ட் வின்ஸ். புது எம்டிபி தானா உண்டாகும். உடனே கன்சோல்ல சர்வர் ப்ராப்பர்டீஸ், அட்வான்ஸ்ட் டேப், ஸ்டார்டிங் வெர்ஷன் ஐடி-ன்னு ஒரு பெட்டி இருக்கும், அதுல ஆபீஸ்ல பாத்ததைவிட தாராளமா பெரிய நம்பர் போடுங்க, அங்க 4712 இருந்தா இங்க 5000. சர்வீஸை ஒரு தடவை நிறுத்தி ஆரம்பிங்க. தேவைப்பட்டா வின்ஸே இந்த நம்பரை இன்னும் மேல தூக்கிக்கும், இருந்தாலும் அதை நம்பி விட்டுடாதீங்க.

அடுத்து ஸ்டாட்டிக்கை மில் சர்வர்ல திரும்பப் போடுங்க, பழைய ஐபி எதாவது இருந்தா இப்பவே கழிச்சுடுங்க. பார்ட்னர் செட்டிங் ரெஜிஸ்ட்ரில இருக்கிறதால அது அப்படியே இருக்கும், சும்மா சரி பாத்துக்கோங்க. ரெப்ளிகேட் நவ் குடுங்க. ஆபீஸோட சொந்த ரெக்கார்டு இந்தப் பக்கம் வரும், மில் கிளையன்ட் எல்லாம் ஒண்ணொண்ணா மில் சர்வர்ல பதியும். டிஃபால்ட் ரின்யூவல் 6 நாள், கிளையன்ட் அதுல பாதி ஆனதும் ரிஃப்ரெஷ் பண்ணும், அதனால சும்மா விட்டாலே கிட்டத்தட்ட 3 நாள்ல நிரம்பிடும், அவசரமான மெஷின்ல மட்டும் என்பிடிஸ்டாட் ஆர்ஆர் ஓட்டுங்க.

ஒண்ணே ஒண்ணு செய்யாதீங்க. ஆபீஸ் சர்வர்ல மில்லோட பழைய ரெக்கார்டைப் பாத்து குப்பைன்னு நினைச்சு டெலீட் ஓனர் குடுக்கறது, அதுலயும் டூம்ஸ்டோன் ஆப்ஷனைத் தேர்ந்தெடுக்கறது. டூம்ஸ்டோன்னா இது செத்துப்போச்சுன்னு எல்லா பார்ட்னருக்கும் பரப்புறது. புது டேட்டாபேஸ் நிரம்புற வரைக்கும் அந்தப் பழைய ரெக்கார்டுதான் உங்க நெட்வொர்க்கைத் தாங்கிட்டிருக்கு.


சம்பா_பக்கம் எழுதியது:

விண்டோஸ் இல்லாம லினக்ஸ்ல சம்பாவை (விண்டோஸ் ஷேர் வேலையை லினக்ஸ்ல செய்யுற சாஃப்ட்வேர்) வின்ஸா ஓட்டுறவங்க இதைத் தேடிட்டு வந்தா அவங்களுக்காக: அங்க வேலை சுலபம். சம்பால பேர் தேடலைப் பாத்துக்கற என்எம்பிடி-யை நிறுத்திட்டு வின்ஸ்.டிடிபி-யை டிடிபிபேக்கப் -வி குடுத்து சரி பாருங்க. கரப்ட்னா அதை நகர்த்தி வச்சுட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. வின்ஸ்.டேட் வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தான், திறந்தா பேரு, டைப், டைம், ஐபி எல்லாம் கண்ணாலயே படிக்கலாம், அதையும் ஒரு காப்பி எடுத்து வச்சுக்கோங்க. வின்ஸ் சப்போர்ட் எஸ்-னு போட்ட மெஷின்லயே வின்ஸ் சர்வர்னு இன்னொரு ஐபி-யும் போட்டிருந்தா ரெண்டுல ஒண்ணை எடுத்துடுங்க, ரெண்டும் சேர்ந்து இருக்கக் கூடாது.


மில்_நெட்வொர்க் எழுதியது:

வேபிரிட்ஜ் ஓடுது. எல்எம்ஹோஸ்ட்ஸ் அண்ணே சொன்ன மாதிரியே ஒரே ஒரு வின்ஸ் ஐபிதான் இருந்துச்சு, ஆபீஸ் ஐபி சேத்து ரீபூட் பண்ணதும் உடனே எடை ஏற ஆரம்பிச்சுடுச்சு, கேட்ல லாரி கிளம்பிட்டு இருக்கு. ரொம்ப நன்றி.

மில் சர்வரும் காலி ஃபோல்டரோட ஸ்டார்ட் ஆயிடுச்சு, ஸ்டார்டிங் வெர்ஷன் ஐடி பெருசா போட்டேன், ரெப்ளிகேஷன் போகுது, மில்லுல புதுசா பதிஞ்ச ஒரு பிசி பேரு ஆபீஸ்ல தெரியுது. ஒரு விஷயம் மட்டும் உறுத்துது: மில் சர்வரோட சொந்தப் பேரு, 00-ம் (மெஷின் பேரு) 20-ம் (ஃபைல் ஷேர் சர்வீஸ்) ரெண்டுமே, ஓனர் ஆபீஸ் சர்வர்னு காட்டுது. அது மில் வின்ஸ்லதானே பதிஞ்சிருக்கணும்? டொமைன் லாகின் ரெக்கார்டு, அந்த 1சி குரூப், அதுலயும் மில் ஐபி காணோம். மில் சர்வர்தான் அந்தப் பக்கத்து டொமைன் கன்ட்ரோலர்.


ஈஎஸ்இ_பழக்கம் எழுதியது:

மில் சர்வரோட நெட்வொர்க் கார்டு செட்டிங்ல வின்ஸ் டேப் பாருங்க, பிரைமரி தன்னோட ஐபி, செகண்டரி ஆபீஸ் ஐபி-ன்னு இருக்கும். வின்ஸ் ஓடுற சர்வர் தன்னைத் தவிர வேற யாரையும் பாக்கக் கூடாது, பிரைமரி செகண்டரி ரெண்டும் தன் ஐபியே. பூட் ஆகும்போது நெட்பயாஸ் (பேரைப் பதியுற பகுதி) முதல்ல எழும், வின்ஸ் சர்வீஸ் பின்னாடிதான் எழும், அந்த இடைவெளில செகண்டரி இருந்தா பேரு அங்க போய் பதிஞ்சுடும். உங்களுக்கு வின்ஸ் எழவே இல்லைங்கறதால கண்டிப்பா அங்கதான் போயிருக்கும். ஆபீஸ் சர்வரையும் இதே மாதிரி பாத்து மாத்துங்க. மாத்தினதும் மில் சர்வர்லயே என்பிடிஸ்டாட் ஆர்ஆர், கொஞ்ச நேரம் விட்டு என்பிடிஸ்டாட் சின்ன என் குடுத்தா எல்லா பேரும் ரிஜிஸ்டர்ட்னு வரணும். 1சி வரலன்னா நெட்லாகன் சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணுங்க, அதைப் பதியுறது நெட்லாகன்தான்.

ரெண்டு வேலை இன்னிக்கே முடிச்சுடுங்க. வின்ஸ் ப்ராப்பர்டீஸ் ஜெனரல் டேப்ல பேக்கப் பாத் போடுங்க, லோக்கல் டிரைவாத்தான் இருக்கணும், நெட்வொர்க் பாத் ஏத்துக்காது. போட்டதுமே 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை தானா எடுக்கும், அதுக்குக் கீழ வின்ஸ்_பிஏகே, அதுக்குள்ள நியூ-ன்னு ஃபோல்டர் வரும். சர்வர் ஷட்டவுன்லயும் எடுன்னு ஒரு டிக் இருக்கு, அதையும் போடுங்க. என்னிக்காவது ரீஸ்டோர் பண்ணணும்னா சர்வீஸ் நின்னாத்தான் மெனுல ரீஸ்டோர் வரும், ஃபோல்டர் கேக்கும்போது வின்ஸ்_பிஏகே-க்கு மேல இருக்கிற ஃபோல்டரைக் காட்டணும். ரெண்டாவது, ஆன்டிவைரஸ்ல சிஸ்டம்32 வின்ஸ் ஃபோல்டரை ஸ்கேன்ல இருந்து விலக்குங்க, லாக் ஃபைலை அது பிடிச்சு வச்சுக்கிட்டாலும் இதே மாதிரி வரும்.


வேகமா_முடி எழுதியது:

இதுக்கெல்லாம் பதிலா டிஎன்எஸ்-க்கே போயிடலாமே? சர்வர் 2008-ல இருந்து குளோபல்நேம்ஸ் ஸோன்னு ஒண்ணு இருக்கே, ஒத்தைப் பேரை வச்சே தேடலாம். வின்ஸையும் மைக்ரோசாஃப்ட் சர்வர் 2022-லயே கைவிடப்போற லிஸ்ட்ல சேத்துடுச்சு.


எல்எம்ஹோஸ்ட்ஸ் எழுதியது:

போகணும்தான், ஆனா குளோபல்நேம்ஸ்ல கிளையன்ட் தானா பதியாது, ஒவ்வொரு பேரையும் அட்மின்தான் சிநேம்-ஆ (வேற பேரைக் காட்டுற டிஎன்எஸ் பதிவு) கையால போடணும், சர்வர் நாலு பேருக்கு ஓகே, வின்ஸ் பண்ற வேலை முழுசையும் அது பண்ணாது. 2003 டிஎன்எஸ்-ல அந்த வசதியே கிடையாது. மில்_நெட்வொர்க், நீங்க எந்த எந்த மெஷின் இன்னும் பேரை வின்ஸ்ல தேடுதுன்னு ஒரு லிஸ்ட் எடுங்க, வேபிரிட்ஜும் லேப் பிசியும் மட்டும்தான் மிச்சம்னு வந்தா ரெண்டுக்கும் எல்எம்ஹோஸ்ட்ஸ் நிரந்தரமா போட்டுட்டு, மத்ததை டிஎன்எஸ்-க்கு நகர்த்திட்டு வின்ஸை மூடிடலாம்.

அப்புறம் இது முக்கியம். இன்னிக்கு வந்தது -501, லாக் கிழிஞ்சது, அது கரண்ட் போனதால. நாளைக்கு அதே ஈஎஸ்இஎன்டி-ல 474 ஈவென்ட்டும் -1018-ம் வந்துதுன்னா டேட்டாபேஸைப் பாக்காதீங்க, டிஸ்கைப் பாருங்க. எழுதின பேஜோட செக்சம்மும் திரும்பப் படிச்சதும் ஒத்துப்போகலன்னு அர்த்தம், கன்ட்ரோலர், கேபிள், டிஸ்க், மூணுல ஒண்ணு போயிட்டிருக்கும். ரெய்டு கார்டுல (டிஸ்க் எல்லாத்தையும் சேர்த்து ஓட்டுற கார்டு) ரைட் கேஷ் (டிஸ்குக்கு போறதுக்கு முன்னாடி தற்காலிகமா வைக்கிற மெமரி) ஆன்ல இருந்து அதோட பேட்டரி செத்திருந்தாலும் கரண்ட் போறப்ப இப்படித்தான் லாக் கிழியும், யூபிஎஸ் பேட்டரி மாத்தும்போது அந்தக் கார்டு பேட்டரி ஸ்டேட்டஸையும் பாத்துடுங்க.


மில்_நெட்வொர்க் எழுதியது:

செகண்டரி ஆபீஸ் ஐபியாத்தான் இருந்துச்சு, ரெண்டு சர்வர்லயும் மாத்திட்டேன். ஆர்ஆர் ஓட்டினதும் 00, 20 ரெண்டும் மில் ஓனர்ல வந்துடுச்சு, நெட்லாகன் ரீஸ்டார்ட்டுக்கு அப்புறம் 1சி-ல மில் ஐபியும் சேந்துடுச்சு. பேக்கப் பாத் போட்டாச்சு, முதல் பேக்கப் ஃபோல்டர் உண்டாயிருக்கு, திறந்து பாத்தேன், எம்டிபி உள்ள இருக்கு. ரெய்டு கார்டுல பேட்டரி ஃபெயில்டுன்னு காட்டுது, ரைட் கேஷை இப்போதைக்கு ஆஃப் பண்ணிட்டு பேட்டரிக்கு ஆர்டர் போட்டிருக்கேன்.